மூன்று வரிக் கடிதத்தில் பந்தம் வளருமா?

வாசகர் கேள்வி, 13 மே 2023

நானும் மனைவியும் நாலு வருடமாக ஒரு தொண்டு அமைப்பு வழியாக மாதாமாதம் பணம் அனுப்பி, வெளிநாட்டில் ஒரு பையனை ஸ்பான்சர் செய்கிறோம். இதுவரை ஒன்பது கடிதம் வந்திருக்கிறது. ஒன்பதும் ஒன்றேதான்: நலமா, நான் நலம், பள்ளிக்குப் போகிறேன், நன்றி, உங்களுக்காகப் பிரார்த்திக்கிறேன். நாங்கள் யார் என்றே அவனுக்குத் தெரியாது என்று தோன்றுகிறது. இந்தப் பந்தம் என்பதெல்லாம் நாமாகக் கற்பனை செய்துகொள்வதுதானா? பணம் மட்டும் மாதாமாதம் போகட்டும், கடிதத்தை விட்டுவிடலாமா?

14 மே 2023

விட்டுவிடாதீர்கள். நான் 2016லிருந்து உகாண்டாவில் ஒரு சிறுமிக்கு எழுதுகிறேன். ஆரம்பித்தபோது அவளுக்கு ஆறு வயது, முதல் வகுப்பு. இப்போது பதின்மூன்று, ஏழாம் வகுப்பு. முதல் இரண்டு வருடம் எனக்கு வந்ததும் நீங்கள் சொல்கிற அதே ஐந்து வாக்கியம்தான். பாதி அச்சடித்த படிவம், கோடிட்ட இடத்தில் 'எனக்குப் பிடித்த பாடம் கணக்கு', 'எனக்குப் பிடித்த நிறம் சிவப்பு'. அடுத்த கடிதத்தில் நிறம் பச்சை. அவ்வளவுதான் மாற்றம்.

என் பக்கத்திலும் தவறு இருந்தது. ஒரு கடிதத்தில் பதினொரு கேள்வி கேட்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளை பதினொரு கேள்விக்குப் பதில் சொல்லி, அதை இன்னொருவர் எழுதி, மூன்றாமவர் மொழிபெயர்க்க வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கும்?

அப்புறம் ஒரே ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: உன் வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது யார்?

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. "பாட்டி. அவள் இருமினால் நாங்கள் எல்லாரும் எழுந்துவிடுவோம்."

அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்த வீட்டின் சத்தம் கேட்டது. அதுவரை எனக்கு அவள் ஒரு புகைப்படம் மட்டுமே.

14 மே 2023, இரவு

ஒன்று விட்டுப்போனது. அந்தக் கேள்விக்கு என் பதிலையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தேன்: எங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பது நான், ஜன்னலைத் திறந்ததும் ஒரு காகம் வந்து உட்காரும் என்று. நாம் எதையும் சொல்லாமல் அவர்களை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும்.

17 மே 2023

இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார், நாலு வருடம் ஆகியும் ஏன் பிள்ளையே எழுதுவதில்லை என்று. எல்லா நாட்டுக்கும் எனக்குத் தெரியாது, உகாண்டாவைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே முதல் மூன்று வகுப்பும் உள்ளூர் மொழியில்தான் நடக்கும். நாலாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். என் சிறுமி லுகாண்டா பேசுகிறவள். அவள் சொன்னதை அமைப்பு அங்கே நடத்தும் மையத்தில் ஒருவர் எழுதுவார், அலுவலகத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் மாற்றுவார். நாலாம் வகுப்பில் அவளே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினாள். உடனே கடிதம் சுருங்கிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் பக்கம் நிறைய வந்தது, இப்போது மூன்று வரி. அவளுக்கு என்மேல் ஆர்வம் போய்விட்டதோ என்று நான் மாதக்கணக்கில் வருந்தினேன். காரணம் வேறு. தாய்மொழியில் ஓடுகிற பிள்ளை, புது மொழியில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அந்த மூன்று வரிக் கடிதத்தைத்தான் இன்றைக்கும் அதிகம் எடுத்துப் பார்க்கிறேன். பென்சிலால் அழுத்தி எழுதி, அழித்து, தாள் ஒரு இடத்தில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. "எனக்கு ஒரு தம்பி பிறந்தான்" என்ற வரியில் தம்பி என்ற சொல்லை மட்டும் நாலு தடவை அழித்திருக்கிறாள். அடியில் நாலு விதமாக அந்தச் சொல்லின் தடம் தெரிகிறது.

உங்கள் பையன் எந்த வகுப்பு, எந்த மொழி என்று முதலில் பாருங்கள்.

21 மே 2023

"கடிதங்களை எல்லாம் பணியாளர்களே உட்கார்ந்து எழுதிவிடுகிறார்கள், அக்கா" என்று ஒருவர். சந்தேகப்படுவதில் தவறே இல்லை. 1998இல் சிகாகோ டிரிபியூன் என்ற அமெரிக்க நாளிதழின் செய்தியாளர்கள் தாங்களே பன்னிரண்டு பிள்ளைகளை ஸ்பான்சர் செய்து, பிறகு நேரில் போய்ப் பார்த்தார்கள். மாலி நாட்டில் இருந்த ஒரு சிறுமி முன்பே இறந்துபோயிருந்தாள். அவளுக்கென்று பணம் மட்டும் தொடர்ந்து வாங்கப்பட்டிருந்தது. அதைப் படித்த வாரம் நான் பணத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நிறுத்தாமல், ஒன்று செய்தேன். என் ஒவ்வொரு கடிதத்திலும் முந்தைய கடிதத்தில் அவள் சொன்ன ஒரு சின்ன விஷயத்தைத் தொட்டு எழுதினேன். பாட்டியின் இருமல் எப்படி இருக்கிறது, தம்பி நடக்கிறானா, அந்தக் கால் நொண்டும் ஆடு என்ன ஆயிற்று. பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. ஆட்டை விற்றுவிட்டார்கள். பாட்டிக்கு மழைக்காலத்தில் இருமல் கூடும். ஒரு கடிதத்தில் சொன்னதை மறுகடிதத்தில் மறக்காமல் தொடர்கிற ஆள் ஒருத்தி அங்கே இருக்கிறாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

2 ஜூன் 2023

இதையும் சேர்த்து எழுதுகிறேன். 2013இல் புரூஸ் வைடிக், பால் க்ளூவி, லேன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆறு நாடுகளில், உகாண்டாவும் இந்தியாவும் அதில் உண்டு, 10,144 பேரிடம் தகவல் திரட்டி ஆராய்ந்தார்கள். சிறுவயதில் கம்பாஷன் இண்டர்நேஷனல் என்ற ஸ்பான்சர் அமைப்பு வழியாக ஸ்பான்சர் கிடைத்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல், ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதலாகப் படித்திருந்தார்கள். பிற்பாடு க்ளூவியும் வைடிக்கும் இன்னொருவரோடு சேர்ந்து ஜகார்த்தாவில் 540 பிள்ளைகளைத் தங்கள் படத்தைத் தாங்களே வரையச் சொல்லி ஆராய்ந்தார்கள். ஸ்பான்சர் உள்ள பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கைக்கான அடையாளங்கள் கூடுதலாக இருந்தன.

இதில் எவ்வளவு பங்கு பள்ளிக் கட்டணத்தால், எவ்வளவு பங்கு கடிதத்தால் என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஜகார்த்தா ஆய்வைப் படித்ததும் என் கோப்பைப் பிரித்து அவள் வரைந்தவற்றை வரிசையாகத் தரையில் பரப்பினேன். முதல் இரண்டு வருடம் வெறும் வீடு, மரம், பூ. மூன்றாம் வருடத்தில் வீட்டு வாசலில் ஒரு ஆள் வந்து நிற்கிறாள். கையில் ஏதோ வெள்ளையாக. உறையாக இருக்கலாம், வெறும் காகிதமாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

11 ஜூன் 2023

எப்படி அழைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததால் இது.

முதல் கடிதங்களில் என்னை 'என் அன்புள்ள பெற்றோருக்கு' என்று எழுதினாள். மையத்தில் அப்படிப் பழக்கியிருக்கலாம். எனக்குக் கூசியது. அவளுக்கு அம்மா இருக்கிறாள், வெயிலில் உட்கார்ந்து சந்தையில் விற்று வளர்க்கிறாள். அந்தப் பெயர் அவளுடையது. அதனால் எழுதினேன்: எங்கள் மொழியில் அப்பாவின் அக்கா தங்கைக்கு என்று தனியாக ஒரு சொல் உண்டு, அத்தை, நீ விரும்பினால் என்னை அப்படிக் கூப்பிடு.

வந்த பதில்: "எங்களுக்கும் தனிச் சொல் இருக்கிறது. செங்கா."

லுகாண்டாவில் அப்பாவின் உடன்பிறந்தாள் செங்கா. பெண்பிள்ளைக்கு அம்மாவிடம் பேசமுடியாததைச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தானாம். எங்கோ இருக்கிற இரண்டு மொழிகள், மாமியையும் சித்தியையும் அத்தையையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பாமல் பிரித்து வைத்திருக்கின்றன. நடுவில் இருக்கும் ஆங்கிலத்தால்தான் அதைச் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து நான் செங்கா.

12 ஜூன் 2023

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். செங்கா என்று கூப்பிடுவதால் நான் செங்கா ஆகிவிடவில்லை. உண்மையான செங்கா பக்கத்து ஊரில் இருக்கிறாள், அவள் கடிதத்தில் இரண்டு தடவை வந்திருக்கிறாள். அதை நான் மறக்கக் கூடாது.

6 ஆகஸ்ட் 2023

கேள்வி கேட்ட நண்பர் தன் வீட்டுப் புகைப்படம் அனுப்பலாமா என்கிறார். நான் ஒரு தடவை அனுப்பினேன். கூடத்தில் உட்கார்ந்து எடுத்தது, பின்னால் சோபா, அலமாரி, விளக்கு. நட்பாக இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். பதில் கடிதத்தில் ஒரு கேள்வி வந்தது.

"அந்த அறையில் எத்தனை பேர் தூங்குவீர்கள்?"

அந்த அறையில் யாரும் தூங்குவதில்லை. இதை எப்படி எழுதுவது? மூன்று வாரம் பேனாவை எடுக்கவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் "அது பகலில் உட்காரும் அறை, இரவில் காலியாக இருக்கும்" என்று எழுதினேன். அவள் அதைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

இப்போது அனுப்புவது முகம் தெரியும் படம், காகம் உட்கார்ந்த ஜன்னல், நான் நட்ட செடி. இது மறைப்பது ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் பணம் இருக்கிறது, அதை எந்தக் கடிதமும் அழிக்காது. அதைத் தினமும் அவள் கண்முன் வைக்காமலாவது இருக்கலாம்.

9 ஆகஸ்ட் 2023

பரிசுப் பணம் பற்றி: பிறந்தநாளுக்குத் தனியாக அனுப்பியதற்கு ஒருமுறை ஒரு வருடம் வரை பதிலே வரவில்லை. அமைப்புக்குக் கோபமாக எழுதினேன். பொதுவான ஒரு பதில் வந்தது, அவள் பெயர்கூட அதில் இல்லை. பிறகு அவள் கடிதத்தில் இருந்தது: மெத்தை, ஒரு ஜோடி செருப்பு, தம்பிக்கு ஒரு போர்வை. மெத்தையைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டாளாம். நான் மெத்தை அவளுக்கு என்று நினைத்திருந்தேன். கோபப்பட்ட கடிதத்துக்கு வருந்தவில்லை, ஆனால் என் கணக்கு வேறு, அவள் வீட்டுக் கணக்கு வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

24 செப்டம்பர் 2023

கொரோனா காலத்தில் என்ன ஆனது என்று கேட்டீர்கள். எழுதத் தயங்கினேன்.

உகாண்டாவில் பள்ளிகளை 2020 மார்ச்சில் மூடினார்கள். நடுவில் சில வகுப்புகளைத் திறந்து, 2021 ஜூனில் மறுபடி மூடி, எல்லாருக்குமாக 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். உலகத்திலேயே மிக நீண்ட பள்ளி மூடல்களில் அது ஒன்று. அவள் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். பள்ளி இல்லாவிட்டால் மையம் இல்லை, மையம் இல்லாவிட்டால் கடிதம் இல்லை. நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு கடிதம். போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது.

அந்த நாட்களில் பள்ளிக்குத் திரும்பாத பெண்பிள்ளைகளைப் பற்றிச் செய்திகள் வந்தன. கல்யாணம், பிரசவம், கூலி வேலை. அவளுக்குப் பதினொரு வயதுதான், ஆனாலும் செய்தியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் வயிறு பிசையும். பந்தம் கற்பனையா என்று கேட்டீர்களே, அந்த இருபத்திரண்டு மாதத்தில் எனக்கு இருந்தது கற்பனை இல்லை. ஆனால் அது என் பக்கத்துப் பயம் மட்டும்தான். அவளுக்கு என் நினைப்பு இருந்ததா என்று அதை வைத்துச் சொல்லமுடியாது.

2022 ஏப்ரலில் கடிதம் வந்தது. கையெழுத்து மாறியிருந்தது, சாய்வாக, பெரியவர்கள் எழுதுகிற மாதிரி. அம்மாவோடு சந்தையில் உட்கார்ந்தாளாம், தக்காளியைக் குவியல் குவியலாக அடுக்கி விற்றாளாம். பாட்டி இறந்துவிட்டாள். அப்புறம் ஒரு வரி: "உங்கள் ஏழு கடிதமும் ஒரே நாளில் வந்தன. அம்மாவுக்கு மாற்றிச் சொன்னேன். இரண்டு இரவு ஆனது."

இதுவரை மற்றவர்கள் அவளுக்காக மொழிபெயர்த்தார்கள். இப்போது அவள் அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறாள்.

8 நவம்பர் 2023

இன்று அவளுக்குப் பரீட்சை நடக்கிறது. ஏழாம் வகுப்பு முடிவில் தொடக்கக் கல்விப் பொதுத்தேர்வு. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல் என்று நாலு பாடம். இதில் தேறினால்தான் மேல்நிலைக்கு. எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

14 ஏப்ரல் 2024

கடிதம் வந்துவிட்டது. "எனக்கு 11 கிடைத்தது, செங்கா." அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. நூற்றுக்குப் பதினொன்றா? இரண்டு வருடம் பள்ளி மூடிக்கிடந்த பிள்ளை, என்ன செய்யும். ஆறுதலாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், மதிப்பெண் முக்கியமில்லை, மறுபடி எழுதலாம் என்று. நாளை அனுப்புகிறேன்.

15 ஏப்ரல் 2024

அனுப்பவில்லை! நல்லவேளை ஒரு வாசகர் இரவே எழுதினார், அங்கே கணக்கு தலைகீழ் என்று. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 9 வரை தரம், 1தான் சிறந்தது. நாலு பாடத்தையும் கூட்டினால் 4தான் முதலிடம். 4 முதல் 12 வரை முதல் வகுப்பு. பதினொன்று என்றால் அவள் முதல் வகுப்பில் தேறியிருக்கிறாள்.

ஆறுதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவள் பெருமையாகச் சொன்னதற்கு நான் அழுகிற கடிதம் அனுப்பியிருப்பேன். புதிதாக ஒரு பக்கம் எழுதி, எங்கள் வீட்டில் எல்லாரிடமும் ஒரு வரி வாங்கிச் சேர்த்திருக்கிறேன். இங்கே உள்ள எண்ணை வைத்து அங்கே உள்ளதை எடை போடாதீர்கள். மதிப்பெண், வயது, வகுப்பு எதுவானாலும் சரி, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2 மே 2024

"பதினெட்டு வயதுக்குப் பிறகு என்ன?" என்று கேட்டவருக்கு. பெரும்பாலான அமைப்புகளில் படிப்பு முடிந்தாலோ, வயது கடந்தாலோ, குடும்பம் வேறு ஊருக்குப் போனாலோ தொடர்பு முடிந்துவிடும். அதற்கு முன்பே அறுபடுவதும் உண்டு. வெளிநாட்டுப் பண விதிகள் இறுகியதால் கம்பாஷன் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியபோது சுமார் 1,45,000 பிள்ளைகளின் ஸ்பான்சர்ஷிப் ஒரேயடியாக நின்றது. அந்தப் பிள்ளைகளையும், மறுபக்கம் காலியான தபால் பெட்டியைப் பார்த்தவர்களையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1937இல், ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற பத்திரிகையாளர் இதேபோல ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இன்றைய பிளான் இண்டர்நேஷனல் என்ற ஸ்பான்சர் அமைப்பின் ஆரம்பம் அது. ஐந்து வயதுப் பையன் ஒருவனின் கையில் அப்பா எழுதிய சீட்டு இருந்தது, சாந்தாந்தேர் நகரம் விழுந்தால் என்னைச் சுட்டுவிடுவார்கள், என் மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதைத்தான் அவர்கள் தங்கள் தொடக்கக் கதையாகச் சொல்கிறார்கள். அந்தச் சீட்டை எழுதியவருக்குப் பதில் வரப்போவதில்லை என்று தெரியும்.

எனக்குப் பதில் வருகிறது. இன்னும் நாலு வருடம் வரலாம். அதனால் இப்போதெல்லாம் சொல்ல நினைப்பதைத் தள்ளிப்போடுவதில்லை.

30 ஜூன் 2024

நண்பர் எழுதியிருக்கிறார். ஒரே கேள்வி கேட்டார்களாம், பள்ளிக்குப் போகும் வழியில் உனக்குப் பயமான இடம் எது என்று. பையன் ஒரு பக்கம் முழுக்க ஒரு நாயைப் பற்றி எழுதியிருக்கிறானாம். படமும் உண்டாம், நாய் வீட்டைவிடப் பெரிதாக. வாழ்த்துகள். அடுத்த கடிதத்தில் நாயை விசாரிக்க மறக்காதீர்கள்.

18 ஆகஸ்ட் 2024

விடுகதை பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒன்று அனுப்பினேன்: வெள்ளை மாளிகைக்கு வாசல் இல்லை, அது என்ன? "இது எங்களுடையது, முட்டை" என்று பதில் வந்தது, என்னிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்கிற தொனியில். சொல்விளையாட்டாக இருக்கும் விடுகதைகளை அனுப்பாதீர்கள், மொழிபெயர்ப்பில் செத்துவிடும். பார்த்துச் சொல்கிற விடுகதை மட்டும் கடல் தாண்டும்.

அதற்கடுத்த கடிதம் 'கொயி கொயி' என்று தொடங்கியது. மொழிபெயர்த்தவர் அதை அப்படியே விட்டிருந்தார். ஏதோ பெயர் என்று நினைத்தேன். விடுகதை போடுகிறவர் முதலில் சொல்லும் அழைப்பாம் அது. நாம் பதிலுக்குக் குரல் கொடுத்தால்தான் விடுகதை வெளியே வரும்.

போன வாரம் வந்த கடிதத்திலும் கொயி கொயி. இப்போது மேல்நிலைப் பள்ளி, விடுதியில் இருக்கிறாள், பேனாவில் எழுதுகிறாள். விடுகதை இது: "நான் நடந்தால் அவன் நடக்கிறான், நான் ஆற்றில் இறங்கினால் அவன் நனைவதில்லை." நிழல் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அடியில் எழுதியிருக்கிறாள், "நிழல் இல்லை, செங்கா." விடை தெரியாவிட்டால் ஒரு ஊரைக் கொடுக்க வேண்டும், அதுதான் ஆட்டத்தின் விதி.

மூன்று நாள் யோசித்தேன். தோற்றுவிட்டேன். நான் பிறந்த ஊரைக் கொடுக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.

27 ஆகஸ்ட் 2024

கடிதம் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஊர்ப் பெயரோ முகவரியோ எழுதக் கூடாது, பிள்ளையின் பாதுகாப்புக்கான விதி. விதி சரியானதுதான், இரண்டு பக்கமும் அது வேண்டும். பெயரை எடுத்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்: ஒரு ஆறு, நாலு தெரு, ஒரு பள்ளிக்கூடம், மழை பெய்தால் குடை பிடிக்கும் உயரத்துக்கு வளரும் சேம்பிலை. இனி அந்த ஊர் உன்னுடையது, விடையைச் சொல்.

நவம்பருக்குள் வந்துவிடும். வந்ததும் எழுதுகிறேன். அதற்குள் யாருக்காவது விடை தெரிந்தால் இங்கே போடாதீர்கள், அவளே சொல்லட்டும்.